படிவத்தில் நான் எழுதிய பெயர்

இந்த நாட்டில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கடிதப்பெட்டிதான் தீர்மானிக்கிறது. சுவிஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு இது தெரியாது. நண்பன் ஒருவனின் அறையில் தங்கியிருந்தேன். என் அகதி விண்ணப்பம் பற்றிய கடிதம் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. விசாரித்தபோது, இரண்டு தடவை அனுப்பியதாகவும் இரண்டு தடவையும் திரும்பி வந்ததாகவும் சொன்னார்கள். தெருப் பெயர் சரி, வீட்டு இலக்கம் சரி, என் பெயரிலும் பிழை இல்லை. ஆனால் பெட்டியில் என் பெயர் ஒட்டப்பட்டிருக்கவில்லை. தினமும் படிக்கட்டில் என்னைக் கண்டு சிரித்துவிட்டுப் போகும் தபால்காரர்தான் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் சிரித்தது எனக்கு. கடிதம் வந்தது பெட்டியில் இல்லாத ஓர் ஆளுக்கு. மட்டக்களப்பில் எங்கள் ஊருக்கு வரும் கடிதத்தில் 'நல்லதம்பியின் மகன், பிள்ளையார் கோயிலடி' என்று இருந்தால் போதும். தபால்காரர் வழியில் யார் கையிலாவது கொடுத்துவிடுவார், அது தேநீர்க் கடை வழியாக எப்படியும் வீட்டுக்கு வந்து சேரும். இதைத் தொலைபேசியில் அக்காவுக்குச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது எனக்கென்று ஒரு சின்ன வீடு இருக்கிறது. மலையடிவாரக் கிராமம், மூன்று மாடிக் கட்டடம், கீழே வரிசையாகக் கடிதப்பெட்டிகள். என் பெட்டியில் 'நல்லதம்பி' என்று போட்டிருக்கிறது. அது என் அப்பாவின் பெயர். இங்கே அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் மேல்மாடியில் இருக்கும் திருமதி, ஃபிராவ் கெலர், தினமும் என்னை "ஹெர் நல்லதம்பி", திரு நல்லதம்பி, என்று கூப்பிடுகிறார். ஆரம்பத்தில், அப்பா பின்னால் வருகிறாரோ என்று நான் திரும்பிப் பார்ப்பேன். ஃபிராவ் கெலருக்கு எழுபது தாண்டிவிட்டது. திங்கட்கிழமைகளில் எல்லாப் பெட்டிகளையும் ஒரு பார்வை பார்ப்பார். புதுப் பெயர் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் நகத்தால் கிளப்பி நேராக்கிவிட்டுப் போவார். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன் என்பதால் வயதானவர்களின் இந்த மாதிரி வேலைகளில் எனக்குப் பொறுமை அதிகம்.

சென்ற வருடம் ஒருநாள் மாலை அவர் என்னை ஊர்க்கூட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தின் டுர்ன்ஹாலேயில், அதாவது உடற்பயிற்சி மண்டபத்தில், கூட்டம். அந்த ஊரின் காடும் மேல்மலைப் புல்வெளியும் அரசாங்கத்துக்குச் சொந்தமல்ல, பழைய குடும்பங்கள் சிலவற்றுக்குப் பொதுவில் சொந்தம். அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் விறகுப் பங்கு உண்டு, கூட்டத்தில் வாக்கும் உண்டு. உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். வெளிப்பெயர் உள்ளவனைக் கட்டிய பெண்ணுக்கு அன்றோடு சரி. அவள் பிள்ளைகளுக்கும் கிடையாது. பெண் வழிப் பிள்ளைகளுக்கும் இனி உரிமை கொடுப்பதா என்பதுதான் அன்றைய விவாதம்.

வாக்கில்லாதவர்களுக்குச் சுவரோரமாக ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். நானும் போர்த்துக்கல்காரர் ஒருவரும் அதில் உட்கார்ந்தோம். ஃபிராவ் கெலர் முன்னால் போய் உட்காருவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பழைய குடும்பத்துப் பெண்தான் அவர். வெளியூர் மனிதரைக் கட்டியதால் பட்டியலிலிருந்து போய்விட்டாராம். பாட்டன் முப்பாட்டன் வெட்டிய காட்டைப் பற்றிய கூட்டத்தில், நேற்று வந்த என்னோடு ஒரே வாங்கில் அவர் இருந்தார். நான் திகைத்துப்போனேன்.

கூட்டத்தில் விறகைப் பற்றி யாருமே பேசவில்லை. எல்லோரும் சரித்திரம் பேசினார்கள். தாடிக்காரர் ஒருவர், முன்னோர் போட்ட இந்த விதி இருந்ததால்தான் காடு துண்டு துண்டாகாமல் நிற்கிறது என்றார். இளம்பெண் ஒருத்தி எழுந்து, பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் ஆண்கள் தங்களுக்குள் போட்ட விதி அது என்றாள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நூற்றாண்டைக் கையில் கொண்டு வந்திருந்தார்கள். கடைசியில் ஃபிராவ் கெலர் கையைத் தூக்கி, பேச அனுமதி கேட்டார். அப்பா நட்ட மரங்களைத் தனக்குத் தெரியும் என்றும், மரங்களுக்கும் தன்னைத் தெரியும் என்றும், பட்டியலுக்கு மட்டும்தான் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

திரும்பி நடக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என் ஓட்டை ஜேர்மன் மொழியில் பெருமை அடிக்கத் தொடங்கினேன். எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். குடி என்கிற குலமும் தாய் வழியில்தான் எண்ணப்படும். கோயிலில் என் குடியைக் கேட்டால் அம்மாவின் குடியைத்தான் சொல்வேன். எங்கள் ஆண்கள் வீட்டைக் காட்டி "மனிசிர வீடு", மனைவியின் வீடு, என்றுதான் சொல்வார்கள், அதில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. ஃபிராவ் கெலர் நின்றுவிட்டார். அப்படியென்றால் கலியாணமாகாத என் போன்ற ஆண்கள் அங்கே வீடில்லாதவர்களா, அதனால்தான் நான் இங்கே வந்தேனா என்று மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். நான் சிரித்துவிட்டு ஆம் என்றேன், விளக்கப் போனால் விடிந்துவிடும். தான் அந்த ஊரில் பிறந்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது உண்மை. அந்த உயரம் நாலு நாள்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசி எடுத்தாள். யோகம் அக்கா எந்த விஷயத்தையும் நேரே தொடங்க மாட்டாள். மழை, மாடு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சொல்ல வந்தது வரும். அன்று எடுத்தவுடனேயே சொன்னாள்.

"தம்பி, வீடு எண்ட பேரில இல்லயாம். அவர்ர பேரிலயாம். அவர் வந்து கையெழுத்து வெக்கணுமாம்."

அவர் என்றால் தவராசா அத்தான். அக்காவின் கணவர். போர் முடிந்த நாளிலிருந்து அவரைக் காணவில்லை.

நான் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். அக்கா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். மகள் துஷிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போல வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள், பிரதேச செயலகத்துக்குப் போனபோதுதான் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். தன் தாய் தந்த வளவுக் காணிக்குப் பதிலாகக் கிடைத்த வீடு எப்படி அவர் பேரில் போனது என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரோ கந்தோரில் பிழையாக எழுதிவிட்டார்கள், நீ இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதித் தா என்று என்னிடம் கேட்டாள். அந்தப் பெயரை எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோப்பையை வைக்க இடம் தேடினேன், மேசை எனக்கு முன்னாலேயே இருந்தும் தெரியவில்லை.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம். குருக்கள்மடத்திலிருந்து தெற்கே போகும் வழியில், கடற்கரைப் பக்கம் அக்காவின் பழைய வீடு. அம்மா அதை அக்காவின் கலியாணத்தன்று அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சமைக்க ஒரு குசினியும் படுக்க ஓர் அறையும் கட்டிக்கொண்டு அங்கே போனாள். சுனாமி வந்த காலையில் நான் மட்டக்களப்பு நகரத்தில் இருந்தேன். அக்காவும் அத்தானும் துஷியைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் ஓடித் தப்பினார்கள். அம்மா அறையிலிருந்து வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. உறுதி வைத்திருந்த தகரப் பெட்டியையும் அம்மாவையும் ஒன்றாகவே கடல் கொண்டுபோயிருந்தது. அம்மாவை இரண்டு நாள் கழித்துக் கண்டெடுத்தோம், பெட்டி கிடைக்கவேயில்லை.

கடலோரம் இனி வீடு கட்டக் கூடாது என்றார்கள். வாவிப் பக்கம் காணி பார்த்து, வெளிநாட்டு நிறுவனமொன்று வீடு கட்டித் தர முன்வந்தது. பள்ளிக்கூட விறாந்தையில் மேசை போட்டுப் படிவம் நிரப்பினார்கள். உயர்தரம் முடித்து ஆங்கிலம் பேசக்கூடியவன், கையெழுத்தும் அழகு என்று என்னை அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் நிறுவனத்தைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண். ஒவ்வொரு குடும்பமாக வரும், அவள் கேட்பாள், நான் மொழிபெயர்த்து எழுதுவேன். இழவு வீட்டிலிருந்து வந்தவன்தான் நான். ஆனாலும் உண்மையைச் சொல்வதென்றால், அந்த மேசையில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஊரே வரிசையில் நின்று என் பேனாவைப் பார்த்தது.

படிவத்தின் முதல் கட்டத்தில் எழுத வேண்டியது குடும்பத் தலைவரின் பெயர். அந்தப் பெண் மக்கு அல்ல. முதல் குடும்பத்தின்போதே பேனாவை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடலில் போன வீடு யாருடையது, புருஷனுடையதா மனைவியுடையதா என்று என்னிடம் கேட்டாள். அந்த முதல் குடும்பம் அக்காவும் அத்தானும்தான். மனைவியுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவி வீட்டில் இருக்கும் மனிதர் என்று அத்தானை ஒரு வெள்ளைக்காரி முன்னால் சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு என்று பட்டது. அதைவிட, எங்கள் ஊர் ஏதோ பழங்காலத்து ஊர் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்ற கூச்சம். உலகத்தில் எல்லா இடத்திலும் இருப்பதுபோலத்தான் எங்களிடமும் என்று காட்டிக்கொள்ள விரும்பினேன். புருஷனுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் வரிசை முழுவதற்கும் அதே பதில்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், பிறகு அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அக்கா எதிரில் நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன கேட்டவ என்றாள். ஒன்றுமில்லை, பேர்தான் என்றேன். வளவு அம்மா தனக்குத் தந்தது, அதையும் எழுதிவிடு என்றாள். இது வீடு கட்டுவதற்கான வெறும் படிவம் அக்கா, உறுதி அல்ல என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை. எங்கள் பெண்கள் யாருமே வற்புறுத்தவில்லை. வீடு தங்களுடையது என்பது அவர்களுக்கு அவ்வளவு சாதாரணமான விஷயம். ஒரு தாளில் பெயர் எழுதுவதால் அது வேறு ஆளுக்குப் போகும் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. அன்று மாலை வரை ஆண்களின் பெயர்களை அழகழகாக எழுதித் தள்ளினேன்.

அத்தான் மேசன். அந்தப் புது வீட்டின் அத்திவாரத்தை அவரே போட்டார், சுவரில் பாதியும் அவர் கட்டியதுதான். வீட்டின் பூட்டுத் திறப்பைக் கையில் வாங்கிய அன்று அதை அக்காவிடம் கொடுத்து, இந்தா, உண்ட வீடு, உனக்குத்தான் என்றார். உறுதி பிறகு வரும் என்றார்கள், வருடக்கணக்கில் வரவில்லை. அத்தான் நல்ல கூலி கிடைக்கிறது என்று முல்லைத்தீவுப் பக்கம் சுனாமி வீடுகள் கட்டப் போனார். போன இடத்தில் போர் மீண்டும் மூண்டு பாதை பூட்டப்பட்டது, அவரால் திரும்ப முடியவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன், போர் எங்கள் கிழக்கில் முடிந்து வடக்கே போய், அங்கேயும் முடிந்தது. கடைசி நாட்களில் அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதையும் பஸ் ஒன்றில் ஏறியதையும் தான் கண்டதாகத் தப்பி வந்த ஒருவர் அக்காவிடம் சொன்னார். அந்தப் பஸ் எங்கே போனது என்று கேட்காத இடமில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். அக்கா நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்துவிடுவாள். இப்போது வீட்டுக்காக அதே சான்றிதழைக் கேட்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தால் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் இறந்துவிட்டார் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கந்தோரில் வழி இல்லை.

விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நான் போய் மூன்றாம் நாள் ஊர்ப் பொதுவான பல்தேவைக் கட்டடத்தில் கூட்டம், இதே விஷயமாகத்தான். எங்கள் வீட்டு வரிசை முழுவதும் அதே நிலை. ஒருத்தியின் புருஷன் வீட்டைத் தம்பிக்கு எழுதப் பார்க்கிறான், இன்னொருத்தியின் புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பமாக இருக்கிறான். எனக்கு முன்வரிசையில் தனியாக ஒரு நாற்காலி போட்டு, கையில் சோடாவும் தந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கான நாற்காலி அது. அங்கே சுவரோர வாங்கு, இங்கே முன்வரிசை நாற்காலி. இரண்டிலும் ஊர்க்காரன் உட்காருவதில்லை.

கூட்டத்தில் பெண்கள் எழுந்து எழுந்து பேசினார்கள். இங்கேயும் எல்லோரும் சரித்திரம்தான் பேசினார்கள். எங்கள் வரிசையில் இருக்கும் மலர், தன் வயிற்றுவாரை, அதாவது தாய்வழியை, தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று அடுக்கி, யார் யாருக்கு எந்த வளவைக் கொடுத்தாள் என்று கடகடவென்று ஒப்புவித்தாள். எங்கள் பக்கத்துக்கென்று தனியாக முக்குவர் வழமை என்று ஒரு சட்டமே இருந்தது, வெள்ளைக்காரன் காலத்தில் நீதிமன்றங்கள் அதைக் கைவிட்டுவிட்டன என்று இளைஞன் ஒருவன் புத்தகம் படித்தவன்போலச் சொன்னான். கைவிட்டது கோடு, நாங்கள் கைவிடவில்லையே என்றாள் மலர். காணி உத்தியோகத்தர் நல்ல மனிதர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்குத் தெரியாதா அம்மா? நானும் எண்ட மனிசிர வீட்டுலதான் இருக்கன். ஆனா எங்களுக்கு வந்த படிவத்துல இருக்கிறது ஆம்பிளயள்ர பேர். வீடு புருஷன்ர எண்டு ஊராக்கள்தான் சொல்லியிருக்கியள்."

யார் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை என்று சத்தம் எழுந்தது. அப்போது மலர் என் பக்கம் திரும்பி, இந்தத் தம்பிதானே எழுதினது, தம்பியையே கேளுங்க என்றாள். அவள் குற்றம் சாட்டவில்லை. நான் சாட்சி சொல்லிக் காப்பாற்றுவேன் என்று நம்பித்தான் சொன்னாள். மண்டபமே என்னைப் பார்த்தது. அக்காவும் பார்த்தாள். பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. வெள்ளைக்காரி அப்படித்தான் எழுதச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது. எழுந்து நின்றேன். வீடு யாருடையது என்று அவள் கேட்டாள், நான்தான் பிழையாகச் சொன்னேன், வெட்கப்பட்டுச் சொன்னேன் என்றேன். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. உத்தியோகத்தர் மட்டும் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, இதை எழுத்தில் தாருங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன், வருடக்கணக்காகும் என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மலருக்கும் மற்றவர்களுக்கும் அதனால் என்றாவது ஏதாவது நடக்கலாம். துஷியின் கலியாணத்துக்கு வருடக்கணக்கு இல்லை. வீட்டுக்கு வந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "அண்டைக்கு என்ன கேட்டவ எண்டு நான் கேட்டப்ப ஒண்டுமில்ல எண்டாய்" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு வருடமும் அந்த ஒரு சொல்லை அவள் மறக்கவில்லை. கலியாணம் வேண்டாம், அப்பா வரட்டும் என்று துஷி உள்ளே இருந்து அழுதாள். அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அவளை அதட்டிவிட்டு வந்தாள். நாளைக்குக் கந்தோருக்குப் போகிறோம் என்றாள்.

கந்தோரில் படிவத்தைத் தந்தார்கள். இறந்தவரின் பெயர், இறந்த திகதி, இறந்த இடம், காரணம். நிரப்புவதற்கு எழுதுவினைஞர் கை நீட்டினார். அக்கா தாளை அவரிடம் கொடுக்காமல் என் முன்னால் வைத்தாள்.

"நீ எழுது. அதையும் நீதானே எழுதின."

கோபமில்லாத குரல். பேனாவைப் பிடித்தேன், 'இறந்தவரின் பெயர்' என்ற இடத்தில் தவராசா என்று எழுதினேன். அதே பெயர், அதே கையெழுத்து. திகதிக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். பஸ்ஸில் ஏறிய நாளை எழுதச் சொன்னார் எழுதுவினைஞர். அன்றைக்கு அவர் உயிரோடுதானே ஏறினவர் என்று அக்கா கேட்டாள். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். வேறு திகதி எங்களிடம் இல்லை, அதையே எழுதினேன். அக்கா தமிழில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டோட வந்தன் பிள்ள. பொட்டோடதான் போவன்" என்றாள் அக்கா.

நான் திரும்பும் நாள் என்னை ஏற்ற வாசலில் வான் வண்டி வந்து நின்றது. வாவிப் பக்கத்துக் காற்றில் துஷியின் கலியாணத்துக்கு வெள்ளை அடித்த சுவரின் மணம். அத்தான் கட்டிய சுவர். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மிக்சர், பனங்கட்டி ஏதாவது தரப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உண்ட நாட்டுல பெட்டியில பேர் இல்லாட்டிக் கடுதாசி வராதெண்டு சொன்னயே. அவர்ர பேரையும் அதில எழுதிவிடு தம்பி. உண்ட விலாசம் அவருக்குத் தெரியும், அங்க போன ஒராளிட்ட எழுதிக் குடுத்து அனுப்பினனான்."

அவர் வன்னிக்குள் இருந்தபோது கிடைத்த ஒரே வழியில் என் விலாசத்தை அனுப்பியிருக்கிறாள். அது நான் முதன்முதல் தங்கிய நண்பனின் அறை விலாசம். அங்கே அவர் பெயர் மட்டுமா, என் பெயரே பெட்டியில் இருக்கவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. சரி அக்கா என்றேன்.

"இஞ்ச அவரச் சாகக் குடுத்திட்டன். அங்கயாவது இருக்கட்டும்" என்றாள்.

திரும்பி வந்த அன்றே நண்பனுக்கு எடுத்தேன். அவன் அந்த அறையை விட்டுப் போய் எவ்வளவோ காலம், கட்டடத்தையே இடித்துவிட்டார்கள் என்றான். என் பெட்டியில் 'நல்லதம்பி'க்குக் கீழே 'தவராசா' என்று அச்சடித்து ஒட்டினேன். ஒட்டியது கோணலாகிவிட்டது. திங்கட்கிழமை ஃபிராவ் கெலர் நகத்தால் கிளப்பி அதை நேராக்கினார். புதியவர் எப்போது வருகிறார் என்று கேட்டார். அக்காவின் புருஷன் என்றேன்; வழியில் இருக்கிறார் என்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. உங்கள் அக்காவின் வீடு இருக்கும்போது அவர் ஏன் இங்கே வருகிறார், அங்கே ஆண்கள் மனைவி வீட்டில்தானே இருப்பார்கள் என்று கேட்டார். நான் சொன்னதை ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார். அந்த வீடு இப்போது மகளுடையது என்றேன். அவர் மிகவும் மகிழ்ந்துபோய், உங்கள் ஊர் சரியான ஊர் என்றார். அவருடைய ஊர்க்கூட்டம் இன்னும் முடிவெடுக்கவில்லை.

துஷியின் கலியாணம் நடந்தது. படங்களில் அவள் அழகாக இருக்கிறாள். அக்கா பின்வளவில் ஓர் அறையும் குசினியும் கட்டத் தொடங்கிவிட்டாள், அம்மா செய்ததுபோலவே. போன மாதம் எனக்குக் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு பெயர் பெட்டியில் காணப்படுகிறதாம். தவராசா என்பவர் இங்கே வசிக்கிறார், தவராசா என்பவர் இங்கே வசிக்கவில்லை. இரண்டு கட்டங்கள், பொருத்தமானதில் அடையாளமிட்டுப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். அழகான கையெழுத்துள்ளவன் நான். படிவம் நிரப்பப் பழகியவன். மேசையில் அது கிடக்கிறது, பேனாவும் பக்கத்தில் கிடக்கிறது. பத்து நாளும் போய்விட்டது. ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வந்து கீழே நின்று பெட்டியைத் திறக்கிறேன். எனக்கு வந்ததை ஒதுக்கிவிட்டு, அவர் பெயருக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.